எர்மானோ ஒப்புக்கொண்ட குற்றம்

எர்மானோ ட்ராவாசோஸ் ஐந்து வயதில், போர்த்துக்கலின் அசோர்ஸ் தீவுகளில் ஒன்றான சான் மிகேலை விட்டு அமெரிக்கா வந்தவன். நாற்பத்து மூன்று வருடம் கழித்து, 2009 மே மாதம், ஒரே ஒரு முறை திரும்பிப் போனான். செத்துப்போன அம்மா, சாந்தோ கிறிஸ்தோ என்கிற தீவின் இயேசு சொரூபத்துக்கு நேர்ந்துகொண்டது ஒன்று நிறைவேறாமல் கிடந்தது. திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏந்தி, சதுக்கத்தை முழங்காலில் சுற்றி வந்து அதைத் தீர்த்துவிட்டு, மனைவி இடலினாவோடு போஸ்டன் விமான நிலையத்தில் வந்து இறங்கினான்.

குடியேற்றச் சாளரத்தில் இருந்த அதிகாரி அவனுடைய நிரந்தரக் குடியிருப்புக்கான பச்சை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய காலத்து அட்டை. காலாவதித் தேதியே கிடையாது. படத்தில் தோள்வரை முடி வளர்த்த பதினைந்து வயதுப் பையன்.

“இது நீங்கதானா? முடியெல்லாம் எங்க போச்சு?” என்று சிரித்தார்.

“கல்யாணத்துல போச்சு,” என்றான் எர்மானோ.

அதிகாரி சிரித்துக்கொண்டே கணினியில் ஏதோ தட்டினார். அப்புறம் சிரிக்கவில்லை. இன்னொருவர் வந்து எர்மானோவை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இடலினா குடியுரிமை வாங்கியவள். அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். பெட்டிகள் சுற்றும் இடத்தில் ஆறு மணி நேரம் நின்றாள். எர்மானோ வெளியே வந்தபோது அட்டை இல்லை. குடியேற்ற நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லும் காகிதம் ஒன்று இருந்தது.

“கார்டைப் பிடுங்கிக்கிட்டாங்க, இடா.”

“எதுக்கு?”

“அந்த பாட்டில் விஷயம்.”

மறுநாள் நான் அலுவலகம் திறக்கும் முன்பே இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மாசசூசெட்ஸின் தெற்குக் கரையில், மூடிக் கிடக்கும் ஆலைகள் நிறைந்த ஊர் எங்களுடையது. பாதிப் பேர் அசோர்ஸ் தீவுக்காரர்கள். ஒரு பூக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கும் இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர், எழுத்தர், சில நாள் கூட்டிப் பெருக்குகிறவளும்கூட. பெயர் லியோனோர். இடலினாவின் மூத்த பெண்ணுக்கு ஞானத்தாய் நான்தான். அதனால் இடலினா என்னைப் பெயர் சொல்ல மாட்டாள், கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவாள்.

“கொமாத்ரே, இவரு ராத்திரி பூரா உக்காந்தே இருந்தாரு. ஷூவைக்கூடக் கழட்டல,” என்றாள்.

பாட்டில் விஷயம் ஊருக்கே தெரியும். எர்மானோ பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். எங்கள் கோயில் பேண்டில் பொம்பார்தீனோ என்கிற பெரிய பித்தளை வாத்தியம் ஊதுவான். அதே பேண்டில் துவார்த்தே கமாரா கார்னெட் என்கிற சின்ன எக்காளம் ஊதினான். அவன் ஊதினால் ஊர்வலத்தில் முன்னால் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். 1998 பிப்ரவரியில், ஒத்திகை முடிந்து கிளப்பில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, எர்மானோ கள்ள ஆட்டம் ஆடியதாக துவார்த்தே சொன்னான். “அப்பன் புத்தி அப்படியே இருக்கு” என்று ஒரு வார்த்தை சேர்த்தான். எர்மானோவின் அப்பாவை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எர்மானோ பீர் பாட்டிலால் ஓங்கி அடித்தான். துவார்த்தே தடுக்க வலது கையைத் தூக்கினான். பாட்டில் மணிக்கட்டில் உடைந்தது. நரம்பு அறுந்து மூன்று விரல் மடங்காமல் போயிற்று. கார்னெட்டின் மூன்று கட்டைகளை அழுத்துவது அந்த மூன்று விரல்கள்தான்.

நீதிமன்றத்தில் அரசாங்கம் நியமித்த வக்கீல் எர்மானோவோடு பத்து நிமிடம் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரு வருடத் தண்டனை, ஆனால் நிறுத்திவைப்பார்கள், உள்ளே போக வேண்டாம், இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். செய்தவன் தான்தானே, ஒப்புக்கொள்ள என்ன தயக்கம் என்று எர்மானோ ஒப்புக்கொண்டான். இரண்டு வருடம் ஒழுங்காகப் போய்க் கையெழுத்துப் போட்டான். குடிப்பதை விட்டான். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

எங்கள் வக்கீல் இவோன் பரோஸ். கேப் வெர்டே தீவுக்காரர்களின் மகள். எங்கள் ஆட்கள் வக்கீலையும், டாக்டரைப் போல, டொத்தோரா என்றுதான் அழைப்பார்கள். அவர் அந்தக் காகிதத்தைப் படித்து முடிக்கும்வரை இடலினா ஜெபமாலையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“டொத்தோரா, நான் ஒரு நாள்கூட ஜெயில்ல இருந்ததில்ல,” என்றான் எர்மானோ.

“தீர்ப்புல ஒரு வருஷம்னு இருக்கு. வன்முறைக் குற்றம், ஒரு வருஷத் தண்டனை. தொண்ணூத்தாறுல வந்த சட்டப்படி, குடியுரிமை இல்லாதவங்களுக்கு அது போதும். உள்ள இருந்தீங்களா இல்லையான்னு கேக்க மாட்டாங்க.”

“என் பொண்டாட்டி சிட்டிசன். மூணு பொண்ணுங்களும் இங்க பொறந்தவங்க. வீடு இருக்கு.”

“குடியேற்ற நீதிபதிக்கு இரக்கப்படுறதுக்கு அதிகாரமே கிடையாது, எர்மானோ. நல்ல மனுஷனா இருந்தா வருத்தப்படுவாரு. வருத்தப்பட்டுட்டு உத்தரவுல கையெழுத்துப் போடுவாரு.”

“நீங்க ஏன் குடியுரிமைக்கு எழுதிப் போடல?” என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

“கார்டுல தேதியே இல்லையே, லியோனோர். தேதி இல்லாதது எப்பவும் நிக்கும்னு நெனச்சேன்.”

இவோன் கொஞ்ச நேரம் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். “தொண்ணூத்தெட்டுல நீங்க ஒப்புக்கிட்டப்ப, குடியுரிமை இல்லாதவரா இருந்தா நாடு கடத்தப்படலாம்னு நீதிபதி வாய்விட்டுச் சொன்னாரா?”

“ஞாபகம் இல்ல. எனக்கு துவார்த்தேவோட கை மட்டுந்தான் ஞாபகம். கட்டுப் போட்டுக்கிட்டு முன் வரிசையில உக்காந்திருந்தான்.”

எங்கள் மாநிலத்தில் பழைய சட்டம் ஒன்று உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் எவருக்கும் நீதிபதி அந்த எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். சொன்னதற்குப் பதிவு இல்லையென்றால், சொல்லவில்லை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பழைய தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். தீர்ப்பு போனால் நாடு கடத்துவதற்குக் காரணமும் போகும்.

பழைய கோப்பைத் தேடும் வேலை என்னுடையது. நீதிமன்றத்தில் மனு எழுதிக் கொடுத்து ஒன்பது நாள் காத்திருந்தேன். விசாரணையைப் பதிவு செய்த ஒலிநாடா இல்லை. இத்தனை வருடம் வைத்திருப்பது வழக்கமில்லை என்றார்கள். ஒரே ஒரு தாள் கிடைத்தது. நீதிமன்ற எழுத்தர் ஒவ்வொரு கட்டமாக டிக் அடிக்கும் தாள். வக்கீல் இருந்தார், டிக். குற்றம் சாட்டப்பட்டவர் ஜூரி வேண்டாமென்றார், டிக். குடியுரிமை பற்றிய எச்சரிக்கைக்கு ஒரு கட்டம். அதில் ஒன்றுமில்லை. பேனா முனைகூடப் பட்டிருக்கவில்லை.

நகலை எடுத்துக்கொண்டு ஓடினேன். இவோன் பார்த்துவிட்டு, “இதுல ஒரு முள் இருக்கு. அவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லு,” என்றார்.

முள் இதுதான்: தீர்ப்பு ரத்தானால் வழக்கு செத்துப்போகாது. 1998இல் இருந்த இடத்துக்கே திரும்பும். அடிபட்டவன் உயிரோடு இருக்கிறான், தழும்பு இருக்கிறது. அரசு வழக்கறிஞர் மறுபடியும் விசாரணை நடத்தலாம். தோற்றால் இந்த முறை நிஜமாகவே சிறை. சிறையிலிருந்து நேராக விமானம்.

“அப்ப சும்மா இருந்தா?” என்றாள் இடலினா.

“செப்டம்பர் மூணாந்தேதி குடியேற்ற நீதிமன்றம். சும்மா இருந்தா அன்னிக்கே முடிஞ்சிரும்.”

எர்மானோ தாளில் இருந்த காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “மனுவப் போட்டுடுங்க, டொத்தோரா,” என்றான்.

அந்தக் கோடை எப்படிப் போயிற்று என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. மாதம் ஒரு முறை குடியேற்ற அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போன சிலரை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்ட கதைகள் ஊரில் உலவின. அந்த நாட்களில் இடலினா வண்டியிலேயே உட்கார்ந்து, அவன் நுழைந்த கதவை விட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பாள். எர்மானோ சாப்பிடுவதைக் குறைத்துவிட்டான். சோரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சி போட்ட கீரைச் சூப்பு ஆறிப்போய் மேலே கொழுப்பு கட்டும்வரை கரண்டியால் கலக்கிக்கொண்டிருப்பான். பேண்டுக்குப் போவதில்லை. வீட்டில் நிலவறைக்குப் போய், வீட்டைச் சூடாக்கும் கொதிகலனின் எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தாள் ஒட்டி வைத்தான். தண்ணீர்க் குழாயை அடைக்கும் இடத்தில் ஒன்று, மின்பலகையில் ஒன்று. ஒரு நாள் இடலினா அத்தனையையும் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

“செத்துப் போற மாதிரி எழுதி வைக்கிறாரு, கொமாத்ரே! குளிர்ல நடுங்கினாலும் நடுங்குவேன், இவரு எழுதினத வச்சு அத நான் பத்த வைக்க மாட்டேன்.”

தீவிலிருந்து அவளுடைய சித்தி மகள் தொலைபேசியில், திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றிச் சொன்னாளாம். தீவின் தலைநகரான பொந்தா தெல்கதாவில் துறைமுகத்தோரம் உட்கார்ந்து தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பார்களாம். யாரும் வேலை தருவதில்லையாம். அதை எர்மானோ என்னிடம் சொல்லிவிட்டு, “என் போர்த்துக்கீசு அஞ்சு வயசுப் பையனோடது, லியோனோர். பசிக்குது, தூக்கம் வருதுன்னு சொல்லத் தெரியும். வேலை குடுங்கன்னு மரியாதையா எப்படிக் கேக்கறது? நீ சொல்லிக் குடேன்,” என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்தான். சொல்லிக் கொடுத்தேன். எழுதிக்கொண்டான்.

மறு விசாரணை என்று வந்தால் முக்கிய சாட்சி அடிபட்டவன்தான், அதனால் எல்லாம் கடைசியில் துவார்த்தேவிடம் வந்து நின்றது. எர்மானோ அவனிடம் போய்ப் பேசக் கூடாது, ஆள் விட்டுப் பேசவும் கூடாது, அது சாட்சியை மிரட்டியதாக ஆகிவிடும் என்று இவோன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வக்கீல் போய்ப் பேசலாம். ஒரு சனிக்கிழமை காலை இவோனும் நானும் போனோம்.

துவார்த்தே பின்கட்டில் திராட்சைப் பந்தலுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். இடது கையால் முறுக்கி, வலது கையின் பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் கம்பியை இடுக்கிக்கொண்டான். நடுவிலிருந்த மூன்று விரல்களும் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன.

“நீ டெல்மிரா மகதானே? உங்கம்மா காலு எப்படி இருக்கு?” என்று என்னைக் கேட்டான். இவோனைப் பார்த்து, “இவங்க அவனோட வக்கீலு. தெரியும். ஊர்ல ஒருத்தன் தும்மினா மூணு தெரு தள்ளி ஆசீர்வாதம் சொல்றவங்க இருக்காங்க,” என்றான்.

இவோன் எதையும் மறைக்காமல் சொன்னார். நாங்கள் எர்மானோவுக்காக வந்திருப்பதை, தீர்ப்பு ரத்தானால் என்னவாகும் என்பதை, அரசு வழக்கறிஞர் துவார்த்தேவைக் கூப்பிட்டுக் கேட்பார் என்பதை. “எங்ககிட்டப் பேச மாட்டேன்னு சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கு,” என்றார்.

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“இல்ல.”

“சொல்லவும் மாட்டேன். என்னைக் கேட்டா அடிச்சான்னுதான் சொல்லுவேன். நானும் வாய விட்டேன், அதையும் சொல்லுவேன். என் பொண்டாட்டிக்கே நான் அதச் சொன்னதில்ல, அவன் அப்பனப் பத்திப் பேசினத.” கம்பியைக் கீழே போட்டான். “இந்தக் கையி மார்ச் மாசம் எப்படி வலிக்கும்னு அவனுக்குத் தெரியுமா?”

கீழே கிடந்த கம்பியைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

“பதினோரு வருஷமா அவன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு எட்டு மணிப் பூசைக்குப் போறேன், அவன் பதினொரு மணிக்கு வர்றான்னு. அவன் ஒரு தடவ வந்து மன்னிச்சிருன்னு கேக்கல.”

“உங்க பக்கத்துலயே வரக் கூடாதுன்னு கோர்ட் அப்ப உத்தரவு போட்டுச்சு,” என்றார் இவோன்.

“அது ரெண்டு வருஷத்துக்குத்தான், டொத்தோரா. நான் தேதிய எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவன் சொல்லவில்லை. கிளம்பும்போது கூடை நிறையக் கீரையைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தான். உங்கம்மாவுக்கு என்றான்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி, பழைய தீர்ப்பு கொடுத்த அதே நீதிமன்றத்தில் வழக்கு. பழைய நீதிபதி ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். அரசு வழக்கறிஞர், இளைஞர், அவரிடம் கடிதம் வாங்கி வந்திருந்தார். இந்த வழக்கு தனக்கு ஞாபகமில்லை, ஆனால் எச்சரிக்கை சொல்வது தன் வழக்கம் என்று எழுதியிருந்தது. அது வாசிக்கப்பட்டபோது இடலினா என் தொடையை நகம் பதியப் பிடித்தாள். இவோன் எழுந்து அந்தத் தாளை மட்டும் காட்டினார். இப்போதைய நீதிபதி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். வழக்கம் வேறு, பதிவு வேறு என்றார். தீர்ப்பு ரத்து.

நான் மூச்சு விடுவதற்குள் அரசு வழக்கறிஞர் எழுந்தார். மறு விசாரணைக்குத் தயார், பாதிக்கப்பட்டவர் வெளியே இருக்கிறார் என்றார்.

எர்மானோ திரும்பிக் கதவைப் பார்த்தான்.

இருபது நிமிட இடைவேளை. தாழ்வாரத்தின் ஒரு கோடியில் துவார்த்தேவும் அரசு வழக்கறிஞரும் நின்றார்கள். துவார்த்தே கல்யாணத்துக்குப் போடும் கோட்டில் வந்திருந்தான். என்ன பேசினார்கள் என்று அன்று எனக்குக் கேட்கவில்லை. துவார்த்தேவே பிற்பாடு என்னிடம் சொன்னான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டாராம். “அவன் என் முன்னாடி வாயத் தொறக்கணும். அது போதும். அவன நாட்ட விட்டு ஏத்தி விட்டுட்டா நான் யாரு மேல கோவமா இருக்கறது?” என்றானாம்.

அரசு வழக்கறிஞர் வந்து இவோனிடம் சொன்னார்: ஆயுதத்தால் தாக்கியது என்ற குற்றச்சாட்டை விட்டுவிடுகிறோம். சாதாரண அடிதடி. ஆறு மாதம், நிறுத்திவைப்பு.

இவோன் எர்மானோவைச் சுவரோரம் கூட்டிப் போனார். “ஒரு வருஷத்துக்குக் கீழ. இத வச்சு உங்கள அனுப்ப முடியாதுன்னு நான் நம்பறேன். பத்துக்கு ஒம்பது பங்கு.”

“மிச்ச ஒரு பங்கு?”

“அதுக்கு என்னால பொறுப்பெடுத்துக்க முடியாது. ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் உங்க முடிவு.”

பதினோரு வருடத்துக்கு முன் பத்து நிமிடத்தில் முடிவெடுத்தவன், இப்போதும் பத்து நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. “இப்பவும் செஞ்சவன் நான்தானே,” என்றான்.

நீதிபதி கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு நிமிர்ந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: “நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறாதவராக இருந்தால், இந்த ஒப்புதலின் விளைவாக நாடு கடத்தப்படலாம். புரிகிறதா?”

எர்மானோ திரும்பி இடலினாவைப் பார்த்தான். நீதிபதி மறுபடி கேட்டார். அவனுடைய விரல்கள் மேசை விளிம்பைத் தடவித் தடவி எதையோ தேடின. இவோன் அவன் முழங்கையைத் தொட்டார்.

“புரியுது,” என்றான்.

“என்ன செய்தீர்கள் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.”

“பாட்டிலால அடிச்சேன்.” நிறுத்தினான். நீதிபதியை விட்டுவிட்டு, பின்னால் முதல் வரிசையில் இருந்தவன் பக்கம் திரும்பினான். யாரும் தடுக்கவில்லை. “எங்கப்பாவப் பத்திச் சொன்னான். அதுக்காக ஒரு மனுஷன் கையக் கெடுக்கறதா? ஒவ்வொரு ஊர்வலத்துலயும் கார்னெட்டு எடுக்கற இடம் வந்தா எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும். வந்து சொல்லத் தைரியமில்ல, துவார்த்தே. அதான் நெஜம். மன்னிச்சிரு.”

துவார்த்தே தலையை அசைத்தானா, கழுத்துப் பட்டையைச் சரிசெய்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து போய்விட்டான்.

செப்டம்பர் மூன்றாம் தேதி போஸ்டன் குடியேற்ற நீதிமன்றம். குடியேற்றத் துறையின் வழக்கறிஞர் புதிய தீர்ப்பைப் படித்துப் பார்க்க அவகாசம் கேட்டார். இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. அந்த இரண்டு வாரத்தில் எர்மானோ மூன்று கிலோ இளைத்தான். பதினேழாம் தேதி மறுபடி போனோம். அன்று எல்லாம் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. நாடு கடத்த ஆதாரமில்லை, வழக்கு முடித்துவைக்கப்படுகிறது என்று நீதிபதி சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். எர்மானோ நாற்காலியை விட்டு எழவில்லை.

“எந்திரிங்க,” என்றேன்.

“அடுத்தது எப்ப வரணும்?”

“வர வேண்டாம். முடிஞ்சிருச்சு.”

“எங்க எழுதியிருக்கு?”

காகிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தான். தாழ்வாரத்தில் இவோன், குடியுரிமைக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்று தான் சொல்லும்வரை பொறுக்க வேண்டும், அதுவரை விமானம் ஏறவே கூடாது, வேகமாக வண்டி ஓட்டிக்கூட போலீஸ் கையில் மாட்டக் கூடாது என்று அடுக்கினார். எர்மானோ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். இடலினாதான் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். எர்மானோ முன்னிருக்கையில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனான். மே மாதத்துக்குப் பிறகு அவன் பகலில் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. நெடுஞ்சாலையில் எல்லோரும் எழுபது மைல் வேகத்தில் பறந்தார்கள். இடலினா நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

“கொஞ்சம் வேகமாத்தான் போயேன், இடா,” என்றேன். “மெதுவாப் போனாலும் போலீஸ் நிறுத்துவான்.”

“நிறுத்தினா ஓட்டினது நான்தான்னு நீ சாட்சி சொல்லு, கொமாத்ரே,” என்றாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தாள். ஊர் வந்து சேரும்வரை அந்தப் பிடி தளரவில்லை.